அஞ்சு டாலர் வாடிக்கையாளரும் எங்க ஊர் உப்பும்

போன வருடம் மே மாதம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், மரக்காணத்தில் திடீரென்று கோடை மழை. ஒரு மணி நேரம் கூடப் பெய்யவில்லை. காலையில் சித்தப்பா உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தால், வாரிக் குவித்து வைத்திருந்த உப்பில் பாதி கரைந்து போயிருந்தது. பாத்தியில் விளைந்து நின்றதும் போச்சு. ஒரு வார உழைப்பு.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாகத் தெரியுமே, அதுதான். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து உப்புக்குப் பெயர் சொல்லும் ஊர். புயல் வந்தால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 2020 நவம்பரில் நிவர் எங்கள் பக்கம்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இதற்கெல்லாம் டிவி இருக்கிறது, கலெக்டர் இருக்கிறார். ஒரு மணி நேரக் கோடை மழைக்கு யார் வந்து சொல்வார்கள்?

என் நண்பன் ஒருவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். நான் பி.காம். (அவனுக்கு டெபிட் கிரெடிட் தெரியாது, எனக்கு ஜாவா தெரியாது. அதனால்தான் நட்பு நீடிக்கிறது.) அவன் சொன்னான்: "மச்சான், மேகமூட்டம் வர்றது ரேடார் படத்துலயே தெரியும். நாற்பது பேரோட நம்பர் குடு. கம்ப்யூட்டரே எல்லாருக்கும் போன் போட்டுத் தமிழ்ல சொல்லிடும்."

இந்தத் துறையில் பல கம்பெனிகள் இலவச சோதனைக் கணக்கு தருகின்றன. ஒன்றில் சேர்ந்தோம். காசு கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் எங்களுக்கென்று ஒரு அமெரிக்க போன் நம்பர் வந்துவிட்டது! சோதனைக் கணக்கில், முன்பே சரிபார்த்த நம்பர்களுக்கு மட்டும்தான் போன் போகும். சித்தப்பா உட்பட நாலு பேர் நம்பரைச் சரிபார்த்து வைத்தோம். மறுநாள் சாயங்காலம் சோதித்தோம். நாலு பேருக்கும் மணி அடித்தது. நாலு பேரும் கட் பண்ணிவிட்டார்கள்.

"யாரோ வெளிநாட்டுக்காரன்டா. திருட்டுப் பய போன். எடுத்தா பேங்க்ல இருக்கற காசு போயிடும்னு டிவியில சொன்னாங்க" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அன்று என் மண்டையைக் குடைந்தது வேறு கேள்வி. கையில் சல்லிக்காசு இல்லாத இரண்டு பையன்களுக்கு, எவனோ ஒருவன் எதை நம்பி போன் லைன் கொடுக்கிறான்? இதில் அவனுக்கு என்ன லாபம்? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நல்ல வியாபாரக் கதை கிடைத்தது.

பழைய காலத்து போன் லைன்

ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களோடு போனில் பேச வேண்டுமென்றால், 2000-க்கு முன்னால் அது ஒரு பெரிய கொள்முதல். தொலைபேசி நிறுவனத்திடம் விண்ணப்பித்து, ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைத் தாங்கும் பி.ஆர்.ஐ. லைன் வாங்க வேண்டும். அதைப் பிரித்துக் கொடுக்க பி.பி.எக்ஸ். என்ற எக்ஸ்சேஞ்ச் பெட்டி வேண்டும். பெட்டியைக் கவனிக்க ஆள் வேண்டும். இதெல்லாம் வங்கிக்கும் விமானக் கம்பெனிக்கும் சரி. சின்னக் கடைக்காரனுக்கு?

இந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் ஒரு கல்லூரி மாணவர். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே லினக்ஸ் உதவிக்கு ஒரு சின்னக் கம்பெனி நடத்தி வந்த மார்க் ஸ்பென்சர். எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் சாதாரணக் கம்ப்யூட்டரே எக்ஸ்சேஞ்ச் வேலையைச் செய்யும்படி 1999-இல் தானே ஒரு மென்பொருள் எழுதினார். பெயர் ஆஸ்டரிஸ்க். எழுதியதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார். 2006-இல் ஃப்ரீஸ்விட்ச் என்று இன்னொன்று வந்தது. இவற்றால் பெட்டிச் செலவு மிச்சமானது. ஆனால் லைனுக்கு தொலைபேசி நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பது மட்டும் மாறவில்லை.

2008: ட்விலியோ

ஜெஃப் லாசன் என்பவர், நிகழ்ச்சி டிக்கெட்டுகளைக் கைமாற்றி விற்கும் ஸ்டப்ஹப் கம்பெனியின் முதல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். பிறகு அமேசானின் கிளவுட் பிரிவில், அது தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வேலை பார்த்தார். அமேசான் 2006-இல் கம்ப்யூட்டரையும் சேமிப்பு இடத்தையும் மணிக்கணக்கில், அளவுக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. கரண்ட் பில் மாதிரி, எவ்வளவு பயன்படுத்துகிறாயோ அவ்வளவு காசு.

எங்கே வேலை பார்த்தாலும் வாடிக்கையாளரோடு போனில் தொடர்புகொள்ள ஏதாவது செய்ய வேண்டி வந்தது, ஒவ்வொரு முறையும் அது இமாலயப் பாடாக இருந்தது என்று லாசன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரை அளந்து விற்க முடிந்தால் போன் லைனை ஏன் அளந்து விற்கக் கூடாது? 2008-இல் ஈவன் குக், ஜான் வோல்துயிஸ் என்ற இருவரோடு சேர்ந்து ட்விலியோவைத் தொடங்கினார். அந்த வருடம் நவம்பரில் போன் அழைப்புச் சேவை வெளியானது. 2010 பிப்ரவரியில் எஸ்.எம்.எஸ். வந்தது.

ஆரம்பத்தில் அதைப் பிரபலமாக்கியது எது தெரியுமா? நண்பனுக்கு போன் போட்டு, அவன் எடுத்ததும் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டு வெறுப்பேற்றும் விளையாட்டு. பெரிய கம்பெனி எதுவும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, ராத்திரியில் பொழுது போகாமல் விளையாடிய புரோகிராமர்கள்தான் அந்தக் கடையின் முதல் கூட்டம்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. புரோகிராமர் தன் நிரலில் நாலு வரி எழுதுகிறார்: இந்த நம்பருக்கு போன் போடு, எடுத்தால் இதைச் சொல், ஒன்றை அழுத்தினால் அங்கே இணை. அந்தக் கட்டளை இணையம் வழியாக ட்விலியோவுக்குப் போகிறது. ட்விலியோ அதைத் தொலைபேசி நிறுவனங்களின் வலைக்குள் தள்ளுகிறது. எந்த நாட்டில் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம், யாருக்கு என்ன கட்டணம் என்ற தலைவலி முழுக்க ட்விலியோவுடையது.

இதைப் படித்தபோது எனக்கு உமணர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பள்ளியில் சங்க இலக்கியப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெய்தல் நிலத்துப் பரதவர் விளைவித்த உப்பை மொத்தமாக வாங்கி, வண்டி வண்டியாக உள்நாட்டுக்குக் கொண்டுபோய், வீட்டு வாசலில் படிக்கணக்கில் நெல்லுக்கு விற்றவர்கள். உள்நாட்டுக் குடியானவள் ஒரு படி உப்புக்காகக் கடற்கரைக்கு வர முடியாது. உப்பு விளைவிப்பவன் ஒரு படிக்காக அவளைத் தேடிப் போக மாட்டான். நடுவில் நிற்பவன், மொத்தத்தைச் சில்லறையாக்கும் வேலைக்குக் கூலி எடுக்கிறான். தொலைபேசி நிறுவனங்கள் உப்பளம், ட்விலியோ உமணன், படி உப்பு வாங்கியவர்கள் புரோகிராமர்கள்.

அஞ்சு டாலர்

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். 2016-இல் ட்விலியோ பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியிட்ட விவர ஆவணத்தில் ஒரு வரையறை இருக்கிறது. "செயல்படும் வாடிக்கையாளர் கணக்கு" என்றால் என்ன? காலாண்டின் கடைசி மாதத்தில் குறைந்தது 5 டாலர் வருமானம் தந்த கணக்கு.

அஞ்சு டாலர்! ஒரு கணக்கிலிருந்து மாதம் அவ்வளவு வந்தாலே வாடிக்கையாளர் பட்டியலில் சேர்த்து எண்ணுகிறான். நம் பாடப் புத்தகத்தில் விற்பனைச் செலவு என்று ஒரு தலைப்பு வருமே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு விற்பனைப் பிரதிநிதி ஒரு முறை ஆட்டோவில் போய் வந்தாலே அந்த அஞ்சு டாலர் காலி. ஆகவே பிரதிநிதியே போகாமல் விற்க வேண்டும். விலைப்பட்டியலை வெளிப்படையாகப் போடு, படித்தவுடன் செய்து பார்க்கும்படி வழிகாட்டி எழுது, சோதிக்க இலவசக் கணக்கு கொடு, குறைந்தபட்சக் கொள்முதல் கேட்காதே. ட்விலியோவின் வழி அதுதான். எனக்கும் நண்பனுக்கும் அரை மணி நேரத்தில் நம்பர் கிடைத்ததும் இந்த முறையால்தான். இலவசக் கணக்கு தர்மம் இல்லை, விளம்பரச் செலவு.

அந்த ஆவணத்தின்படி 2016 மார்ச் முடிவில் பதிவு செய்த புரோகிராமர் கணக்குகள் 9 லட்சத்துக்கும் மேல். மாதம் 5 டாலராவது தந்த கணக்குகள் 28,000 சொச்சம். நூறு பேர் கடைக்குள் வந்து சுற்றிப் பார்த்தால் மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் எவன் நாளைக்குப் பெரிய ஆளாவான் என்று கடைக்காரனுக்குத் தெரியாது. ஒருவன் ஆனால் போதும்.

அப்படி ஆனவர்கள் உண்டு. வாடகைக் கார் கம்பெனியான ஊபர், "உங்கள் கார் வந்துவிட்டது" என்ற செய்தியை அனுப்ப ட்விலியோவைப் பயன்படுத்தியது. வாட்ஸ்அப் புது ஆள் சேரும்போது நம்பரைச் சரிபார்க்க இவர்களைத்தான் பயன்படுத்தியது. எஸ்.எம்.எஸ்.ஸைக் கொன்றது வாட்ஸ்அப் என்கிறோம். 2015-இல் ட்விலியோவின் வருமானத்தில் 17 சதவீதம் வாட்ஸ்அப் கொடுத்தது!

பெரிய வாடிக்கையாளரால் வரும் ஆபத்தும் பின்னாலேயே வந்தது. செலவைக் குறைக்க ட்விலியோவை நம்பியிருப்பதைக் குறைத்துக்கொள்ளப் போவதாக ஊபர் முடிவெடுத்த செய்தி 2017 மே மாதம் வெளியானது. ஒரே நாளில் பங்கு விலை சுமார் கால்வாசி விழுந்தது. அஞ்சு டாலர் ஆசாமி போனால் தெரியாது, கோடி டாலர் ஆசாமி திரும்பிப் பார்த்தாலே கடை ஆடுகிறது.

வளர்ந்தது, லாபம் வந்ததா?

எண்களைப் பார்ப்போம். வருமானம் 2013-இல் சுமார் 50 மில்லியன் டாலர், 2015-இல் 167 மில்லியன், 2018-இல் 650 மில்லியன், 2020-இல் 1,762 மில்லியன், 2022-இல் 3,826 மில்லியன். ஒன்பது வருடத்தில் எழுபது மடங்குக்கும் மேல்.

இப்போது நஷ்டம். 2015-இல் 35 மில்லியன் டாலர். 2021-இல் சுமார் 950 மில்லியன். 2022-இல் 1,256 மில்லியன். வருமானத்தைப் போல நஷ்டமும் ஜோராக வளர்ந்திருக்கிறது!

காரணம் உமணன் கதையிலேயே இருக்கிறது. வாங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் பாதிக்குப் பக்கம் உப்பளத்துக்காரனுக்கு, அதாவது தொலைபேசி நிறுவனங்களுக்கு, போய்விடுகிறது. சாதாரண மென்பொருள் கம்பெனிக்கு இந்தப் பிடுங்கல் இல்லை. ஒரு முறை எழுதினால் ஆயிரம் முறை விற்கலாம். ட்விலியோவோ ஒவ்வொரு செய்திக்கும் கொள்முதல் விலை கொடுத்தாக வேண்டும். மிச்சப் பாதியில் ஆராய்ச்சி, சம்பளம், ஊழியர்களுக்குப் பங்கு, விற்பனை. விளிம்பு போதவில்லை என்பதால் விளிம்பு அதிகமுள்ள கம்பெனிகளை வாங்கப் போனார்கள். 2019-இல் மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்கிரிட். 2020-இல் வாடிக்கையாளர் தகவல்களைத் தொகுக்கும் செக்மென்ட், 3.2 பில்லியன் டாலருக்கு.

கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது மருத்துவர், கடை, பள்ளி எல்லாம் போனுக்கு மாற, 2021 பிப்ரவரியில் பங்கு விலை 400 டாலரைத் தாண்டியது. முதல் வெளியீட்டில் அது 15 டாலர். காய்ச்சல் தணிந்ததும் விலை சரிந்து 2022 கடைசியில் 50 டாலர் வட்டாரத்துக்கு வந்தது. 2022 செப்டம்பரில் 11 சதவீத ஊழியர்கள், 2023 பிப்ரவரியில் 17 சதவீதம், டிசம்பரில் இன்னும் 5 சதவீதம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கம்பெனிச் சட்டம் படிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. லாசனிடம் சாதாரணப் பங்கைவிட அதிக ஓட்டுரிமை கொண்ட பங்குகள் இருந்தன. அந்தச் சலுகைக்கு ஏழு வருடக் கெடு. 2023 ஜூனில் கெடு முடிந்தது. லாபம் எங்கே என்று கேட்டு முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். 2024 ஜனவரியில் லாசன் பதவி விலகினார். கோஸெமா ஷிப்சாண்ட்லர் தலைமைக்கு வந்தார். 2024-இல் வருமானம் 4,458 மில்லியன், நஷ்டம் 109 மில்லியனாகக் குறைந்தது. செயல்படும் கணக்குகள் 3,25,000-க்கும் மேல். சில்லறை வியாபாரம் பிழைத்துக்கொண்டது, தொடங்கியவர்தான் கடையில் இல்லை.

நம் ஊருக்கு வந்த கதை

அமெரிக்காவில் அப்படி. இந்தியாவில் யார் செய்தார்கள்?

இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. இணையம் வழியாக வரும் குரலையும் சாதாரண போன் வலையையும் இஷ்டத்துக்கு முடிச்சுப் போட முடியாது. உரிமம் உள்ள தொலைபேசி நிறுவனத்தின் லைன் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். அதனால் அமெரிக்காவில் செய்ததை அப்படியே இங்கே இறக்க முடியவில்லை. நம்மவர்களுக்கு இடம் கிடைத்தது.

பெங்களூரில் சிவகுமார் கணேசன் என்பவர், போன் மூலம் பழைய பொருட்களை வாங்கி விற்கும் ரூப்பிட் என்ற சேவையை நடத்தி வந்தார். அதற்காக அழைப்புகளைக் கையாளும் அமைப்பு ஒன்றைக் கட்ட வேண்டி வந்தது. கடைசியில் கடையைவிட அந்த அமைப்புக்குத்தான் கிராக்கி என்று தெரிந்தது. 2011-இல் அதுவே எக்ஸோடெல் ஆனது. வாடகைக் கார் ஓட்டுநருக்கு உங்கள் நம்பர் தெரியாது, உங்களுக்கு அவர் நம்பர் தெரியாது, ஆனாலும் பேசுகிறீர்கள் அல்லவா? நடுவில் ஒரு மூன்றாவது நம்பர் இருக்கிறது. நீங்கள் அதை அழைத்தால், அது அவரை அழைத்து இரண்டையும் கோர்க்கிறது. ராத்திரியில் தனியாகக் காரில் வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் அக்காவைக் கேட்டால் சொல்வாள். எக்ஸோடெல் 2021-இல் அமேயோ என்ற கால் சென்டர் மென்பொருள் கம்பெனியோடு இணைந்து இன்னும் பெரிதானது.

அதே 2011-இல் வெங்கி பாலசுப்ரமணியன், மைக்கேல் ரிக்கார்டோ என்ற இருவர் ப்ளிவோவைத் தொடங்கினார்கள். முதலில் ஃப்ரீஸ்விட்ச் மேல் ஒரு திறமூல மென்பொருளாக வெளியிட்டு, பிறகு அதையே சேவையாக விற்றார்கள். 2012-இல் ஒய் காம்பினேட்டரின் பயிற்சியில் சேர்ந்தார்கள். ட்விலியோவின் வாடிக்கையாளர்களையே குறைந்த விலை சொல்லி இழுப்பது இவர்கள் வழி. ஆக, இலவசமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மென்பொருள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு துறைக்கே அஸ்திவாரம் ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு கண்டுபிடிப்பும் உண்டு: மிஸ்டு கால். காசு செலவில்லாமல் சேதி சொல்ல நம் அம்மாக்கள் செய்த தந்திரம் அது. 2010-இல் தொடங்கிய ஜிப்டயல் அதையே தொழிலாக்கியது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் விளம்பரம், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் திரும்பி வரும். 2015 ஜனவரியில் ட்விட்டர் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

பெரிய உந்துதல் வந்தது ரிசர்வ் வங்கியிடமிருந்து. 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்றது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் மூச்சுக்கு முந்நூறு தடவை பார்க்கும் ஓ.டி.பி. கேஸ் சிலிண்டருக்கு ஓ.டி.பி., ஆதாருக்கு ஓ.டி.பி., பார்சலுக்கு ஓ.டி.பி. ஒவ்வொன்றும் யாரோ ஒரு புரோகிராமர் எழுதிய நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சில்லறைக் காசு.

கதவை மூடிய கதை

எதைச் சல்லிசாக விற்றாலும் திருடனும் வாங்குவான். வீட்டுக் கடன் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று செய்திகள் குவிந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். தான் என்று கட்டுப்பாடு போட்டது. கூச்சல் எழுந்ததும் 200 ஆக்கியது. 2018-இல் புது விதிமுறை. வணிகச் செய்தி அனுப்பும் ஒவ்வொருவரும் பதிவு செய்ய வேண்டும். அனுப்புநர் பெயரையும் பதிய வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தின் வடிவத்தைக் கூட முன்கூட்டியே பதிய வேண்டும். பொருந்தாத செய்தி வழியிலேயே வெட்டப்படும்.

2021 மார்ச் 8 அன்று இந்த வெட்டு அமலுக்கு வந்தது. பல கம்பெனிகள் வாசகங்களைச் சரியாகப் பதியவில்லை. விளைவு: நாடு முழுக்க ஓ.டி.பி. வராமல் பணப் பரிமாற்றங்கள் திண்டாடின. ஏழு நாள் தள்ளி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சில்லறை வியாபாரத்தின் மேல் ஊரே நின்றுகொண்டிருக்கிறது என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்திருக்கும்.

உங்கள் செல்போனை எடுத்து ஒரு வங்கிச் செய்தியைப் பாருங்கள். அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு எஸ், டி, பி, ஜி என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சேவை, பரிவர்த்தனை, விளம்பரம், அரசு என்று பிரித்துக் காட்ட 2025-இல் வந்த ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் மாட்டியதும் இங்கேதான். அமெரிக்க நம்பர் வேலைக்காகாது என்றதும், முறைப்படி இந்திய வழியில் அனுப்பப் பார்த்தோம். எங்களுக்கு நிறுவனம் இல்லை, வணிகப் பதிவு இல்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் கூடத் தாண்டவில்லை. மோசடிக்காரனைத் தடுக்கக் கட்டிய சுவர், உப்புக்காரனையும் சேர்த்துத் தடுக்கிறது. மோசடிக்காரன் ஒரு போலிப் பெயரில் கம்பெனி பதிந்துகொள்வான். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

இதில் தமிழுக்கென்று தனி வரியும் உண்டு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து. தமிழ் என்றால் 70 தான். அதிலும் நமக்கு "உப்பு" மூன்றெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து: புள்ளி தனி, உகரக் கொம்பு தனி. "இன்று இரவு மழை வரலாம், உப்பை மூடி வையுங்கள்" என்பதோடு ஊர் பெயரும் நேரமும் சேர்த்தால் இரண்டு செய்திக் காசு. அஞ்சு டாலரை வைத்து வளர்ந்த துறையில் தமிழ் பேசுகிறவன் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கிறான்.

சித்தப்பா சொன்னது

2022 ஆகஸ்டில் ஒரு சம்பவம். ட்விலியோ ஊழியர்கள் சிலருக்கு எஸ்.எம்.எஸ். வந்தது, கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வருவது போல: உங்கள் கடவுச்சொல் காலாவதி ஆகிவிட்டது, இங்கே அழுத்துங்கள். சிலர் அழுத்தினார்கள். திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். சிக்னல் செயலியின் சுமார் 1,900 பயனர்கள் வரை பாதிப்பு போனது. உலகத்துக்கே எஸ்.எம்.எஸ். விற்கும் கம்பெனி, ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை நம்பி ஏமாந்தது! எங்கள் சித்தப்பா எட்டாவதுதான் படித்தவர். தெரியாத நம்பரைக் கட் பண்ணினார். யார் கெட்டிக்காரர்?

பாண்டிச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்ல அதில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

அங்கே நடந்ததும் ஒரு அழைப்பு வந்து ஆயிரம் காதுக்குப் போன வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம். போன் போட்டவன் நம்ம ஊர்ப் பையன். ஒலிபெருக்கியில் கேட்டது தினமும் கேட்கிற குரல். அதனால் யாரும் "இது யாரோ" என்று நினைக்கவில்லை.

கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் விலை உண்டு. ட்விலியோவின் இருப்புநிலைக் குறிப்பில் அது 5 பில்லியன் டாலருக்கும் மேல். மற்ற கம்பெனிகளை வாங்கியபோது அதிகமாகக் கொடுத்த தொகை அது. இந்தத் துறை முழுவதும் சேர்ந்து விற்பது லைன். எடுத்துக் காதில் வைக்கும் நம்பிக்கையை அளந்து விற்க எந்தக் கம்பெனியாலும் முடியவில்லை. அது நல்லவாட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் ஒலிபெருக்கியில் கடல் நிலவரம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.

டிராய் போட்ட சுவரை இடிக்கச் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்கோ, மீனவர் சங்கத்துக்கோ, உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கோ நுழைய ஒரு சின்னக் கதவு வைக்கலாம். ஊர் பெயரையே அனுப்புநர் பெயராகப் பதிந்து கொடுக்கலாம். தமிழ்ச் செய்திக்கு ஒரு செய்திக் காசு மட்டும் வாங்கலாம். அஞ்சு டாலர் ஆசாமியை மதித்துத்தான் இந்தத் துறையே வளர்ந்தது என்பதை அதை ஒழுங்குபடுத்துகிறவர்களும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? இப்போது ரேடாரில் மேகம் தெரிந்தால் நான் ஆறு பேருக்கு போன் போடுகிறேன். அவர்கள் ஆளுக்கு ஆறு பேருக்குப் போடுகிறார்கள். ஆறும் முப்பத்தாறும் நாற்பத்திரண்டு. புரோகிராம் இல்லை, பதிவு இல்லை, செலவும் இல்லை. போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்குச் சொன்னோம். பத்தே காலுக்கு மழை பிடித்தது. அதற்குள் தார்ப்பாய் போட்டுவிட்டார்கள்.

சித்தப்பா முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுடா" என்றார்.